ஞாபகம் தவறும் யந்திரம்

கொட்டிவாக்கத்தில் கடலுக்குப் பக்கமாக ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா, அம்மா, பாட்டி, கல்லூரியில் படிக்கும் பிள்ளை ஆக நாலு பேர். பிள்ளையாண்டானுக்குக் கடையில் பூட்டி முடித்து விற்கிற கம்ப்யூட்டர் வேண்டாமாம். ரிச்சி தெருவுக்குப் போய்ப் பெட்டி தனியாக, மதர்போர்டு தனியாக, மின்விசிறி தனியாக வாங்கி வந்தான். கூடத்தில் பாயை விரித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பூராவும் திருப்புளியும் கையுமாக உட்கார்ந்து பூட்டினான். சாயந்திரம் திரை ஒளிர்ந்தது. பாட்டி திருஷ்டி கழித்தாள். அம்மா பாயசம் வைத்தாள். அப்பா மட்டும், "எத்தனை நாளைக்கு ஓடுகிறதென்று பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுப் பத்திரிகையைப் பிரித்துக்கொண்டார்.

ஆறு மாதம் சௌக்கியமாக ஓடியது. அப்புறம் பிடித்தது சனியன்! ஒரு நாள் திரை முழுதும் நீலமாகி, இங்கிலீஷில் என்னவோ எழுதிவிட்டு யந்திரம் தானே அணைந்து தானே எழுந்தது. மறுநாள் அதே நீலம். ஆனால் எழுத்து வேறு. இன்னொரு நாள், அம்மா தன் தையல் வகுப்புக் கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கும்போதே கணக்குப் புத்தகம் காணாமல் போயிற்று. பாட்டியின் சஷ்டியப்த பூர்த்திப் படம் ஒன்று பாதிக்கு மேல் சாம்பல் பூசினாற்போல் திறந்தது. நடுவில் நாலு நாள் ஒரு குறையும் இல்லை. ஐந்தாம் நாள் மறுபடியும் ஆரம்பம்.

"நான் அப்பொழுதே சொன்னேனே!" என்றார் அப்பா. இந்த 'அப்பொழுதே சொன்னேன்' இருக்கிறதே, அது எல்லா வீட்டு அப்பாக்களுக்கும் மனப்பாடம். எதிர்வீட்டுக்காரர் வைரஸ் என்றார். மாமா பிள்ளை டிஸ்கை மாற்று என்றான். யாரோ ஒருவர் எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கச் சொன்னார். தலைவலிக்குத் தலையையே மாற்றச் சொல்கிற வைத்தியம் இது!

சகோதரிகளே, தினம் ஒரு ரோகமும் தினம் ஓர் இடமுமாக யந்திரம் படுத்துகிறதென்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது ரேம் என்று சொல்லப்படும் அதன் ஞாபகத்தைத்தான். "இதெல்லாம் பிள்ளைகள் சமாசாரம், எங்களுக்கு எதற்கு?" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். அந்தப் பெட்டிக்குள் இருப்பது உங்கள் வீட்டுக் கல்யாணப் படங்கள், உங்கள் கணக்கு, குழந்தைகளின் பரீட்சைப் பாடம். தவிர, இந்த வியாதிக்கு வேண்டிய மருந்து பொறுமை. அது யாரிடம் அதிகம் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மேடையும் அலமாரியும்

கம்ப்யூட்டருக்கு இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று டிஸ்க், அதை அலமாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் போனாலும் வைத்தது வைத்தபடி இருக்கும். மற்றொன்று ரேம், அது சமையல் மேடை. அலமாரியில் இருக்கிற எதுவானாலும் மேடைக்கு வந்துதான் நறுக்கவோ வதக்கவோ வேண்டும். வேலை முடிந்தால் மறுபடியும் அலமாரிக்குப் போகும். விளக்கை அணைத்தால் மேடை துடைத்து விட்டாற்போல் காலி.

அந்தக் காலத்தில் இந்த மேடை மணி கோத்துச் செய்யப்பட்டது. நம் நாட்டிலேயே கட்டிய 'டிஃப்ராக்' என்ற கம்ப்யூட்டர் பம்பாயில் டாடா ஆராய்ச்சி நிலையத்தில் 1960-ல் வேலை செய்யத் தொடங்கியது. அதன் ஞாபகம் சின்னஞ்சிறு காந்த வளையங்களைக் கம்பியில் கோத்தது. 2,048 சொற்கள் கொள்ளும். அமெரிக்காவில் சந்திரனுக்குப் போன அப்போலோ கப்பல்களின் கம்ப்யூட்டருக்கு ஞாபகத்தைக் கம்பியால் பின்னிக் கொடுத்தவர்கள் தொழிற்சாலைப் பெண்கள். ஒரு கம்பி வளையத்துக்குள் போனால் ஒன்று. வெளியே போனால் சைபர். ஓர் இழை தப்பினால் கணக்கே தப்பு. ஆகவே, ஞாபகம் என்பது ஆரம்பத்திலிருந்தே கைவேலைக்காரிகளுக்குப் பழக்கமான சமாசாரம்தான்.

இப்போது மணியும் இல்லை, கம்பியும் இல்லை. ஐ.பி.எம். கம்பெனியில் ராபர்ட் டென்னார்டு என்ற எஞ்சினீயர் 1966-ல் ஒரு யுக்தி கண்டுபிடித்தார். 1968-ல் அதற்குப் பேடன்ட் கிடைத்தது. ஒவ்வொரு எழுத்துப் புள்ளிக்கும் மின்சாரத்தைத் தாங்கும் ஒரு சின்னக் குடம்; அதைத் திறந்து மூட ஒரே ஒரு டிரான்ஸிஸ்டர். குடம் நிறைந்திருந்தால் ஒன்று, காலியானால் சைபர். இன்டெல் கம்பெனி 1970-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஒரு சில்லில் 1,024 குடங்கள் இருந்தன. இன்று உங்கள் பிள்ளை வாங்கி வரும் 16 ஜி.பி. ஸ்டிக் ஒன்றில் சுமார் 13,744 கோடி குடங்கள்!

அத்தனையும் ஓட்டைக் குடம் என்பதுதான் வேடிக்கை. நிரப்பிய மின்சாரம் கசிந்துகொண்டே இருக்கும். ஆகையால் அது வற்றுவதற்குள் திரும்பத் திரும்ப நிரப்ப வேண்டும். டி.டி.ஆர்.4 என்ற ரகத்தில் விநாடிக்குப் பதினைந்து தடவைக்கு மேல் எல்லாக் குடங்களையும் பார்த்து நிரப்பியாகிறது. பிறகு வந்த டி.டி.ஆர்.5 ரகத்தில் அதைப்போல் இரண்டு மடங்கு. சூடு ஏறினால் கசிவும் ஏறும். அக்கினி நட்சத்திரத்தில் மத்தியானம் மூன்று மணிக்குப் படுத்துகிற யந்திரம், விடியற்காலையில் சாதுவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஒரு குடம் கவிழ்ந்தால்

"13,744 கோடியில் ஒன்று கவிழ்ந்தால் என்ன போயிற்று?" என்று கேட்கலாம்.

பால்காரர் கணக்கில் 1,200 ரூபாய் என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். கம்ப்யூட்டர் ஒவ்வோர் இலக்கத்தையும் எட்டுக் குடங்களில் வைக்கிறது. '1' என்ற இலக்கத்தின் எட்டுக் குடங்களில் குறிப்பிட்ட ஒன்று புரண்டால் அது '9' ஆகிவிடும். அடுத்தது புரண்டால் '5'. 1,200 ரூபாய் 9,200 ரூபாயாகும். மணி அடிக்காது, திரை நீலமாகாது. கணக்கு கண்ணியமாக உட்கார்ந்திருக்கும். நீங்கள் பால்காரரைச் சந்தேகிப்பீர்கள்!

கதையில்லை, இதற்கு ஒரு பெரிய உதாரணம் உண்டு. பெல்ஜியம் நாட்டில் 2003-ம் வருஷம் மே மாதம் தேர்தல் நடந்தது. ஷார்பேக் என்ற ஊரில் மின்யந்திரத்தில் வோட்டு எண்ணினார்கள். ஒரு வேட்பாளருக்கு, கிடைக்கக்கூடியதற்கும் மேலாக வோட்டு விழுந்திருந்ததால் சந்தேகம் தட்டி மறுபடி எண்ணினார்கள். அதிகமாக வந்தது சரியாக 4,096 வோட்டு. இரண்டை இரண்டால் பெருக்கிக்கொண்டே போனால் பன்னிரண்டாவது படியில் வருகிற எண் அது. அதாவது, ஒரே ஒரு குடம் காலியாயிருக்க வேண்டியது நிறைந்துவிட்டால் வரக்கூடிய பிசகு. ஆராய்ந்தவர்கள் யந்திரத்தின் ஞாபகத்தில் ஒரு புள்ளி தானே புரண்டிருக்க வேண்டும் என்று கருதினார்கள். எண்ணிக்கை அசம்பாவிதமாக இருந்ததால்தான் அகப்பட்டது. கொஞ்சம் நம்பும்படியாக இருந்திருந்தால்?

ஆகவே ஞாபகக் கோளாறில் நீலத்திரை பெரிய ஆபத்தல்ல. அது கூச்சல் போட்டுச் சொல்லிவிடுகிறது. கூச்சல் போடாமல் பொய் சொல்வதுதான் ஆபத்து. பழைய படத்தைத் திறந்து, கொஞ்சம் வெளிச்சம் கூட்டி, மறுபடி சேமிக்கிறீர்கள். அது ரேம் வழியாகத்தான் போகிறது. ஒரு டிஸ்கிலிருந்து இன்னொன்றுக்குக் காப்பி எடுக்கிறீர்கள். அதுவும் ரேம் வழியாகத்தான். நல்ல படம் மேடைக்கு வந்து, கெட்டுப்போய் அலமாரிக்குத் திரும்புகிறது.

எனவே முதல் காரியம் இது: சந்தேகம் வந்த நிமிஷத்திலிருந்து அந்த யந்திரத்தில் முக்கியமான எதையும் எழுதாதீர்கள். "எதற்கும் இருக்கட்டும்" என்று அவசர அவசரமாகக் காப்பி எடுத்து, ஏற்கெனவே பத்திரமாக இருக்கும் பழைய காப்பியின் மேலேயே கொட்டிவிடாதீர்கள். அது நல்ல அரிசியின் மேல் புழுத்த அரிசியைக் கொட்டினாற்போல் ஆகும். அவசரம் என்றால் டிஸ்கைக் கழற்றி வேறொரு நல்ல கம்ப்யூட்டரில் பூட்டிக் காப்பி எடுக்கலாம். அவசரமில்லையென்றால் சும்மா இருப்பதே பத்திரம்.

முதலில் வேகத்தைக் குறையுங்கள்

இனி வைத்தியம். ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். என்ன செய்தோம், என்ன ஆயிற்று என்று தேதி போட்டு எழுத வேண்டும். ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம், இதுதான் விதி. குழந்தைக்குக் காய்ச்சல் என்று டாக்டர் மருந்து, நாட்டு மருந்து, பாட்டி கஷாயம் மூன்றையும் ஒரே வேளையில் கொடுத்தால், குணமானாலும் எதனால் என்று தெரியாது. வாந்தி எடுத்தாலும் எதனால் என்று தெரியாது.

பெட்டியைத் திறக்காமலே செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது. ரேம் ஸ்டிக்கின் பெட்டியில் 3200 என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். அப்படிப்பட்ட ஸ்டிக்குகளில் பல, பூட்டியவுடன் தானாக ஓடுவது 2133, 2400, 2666 போன்ற நிதானமான வேகத்தில்தான். 'எக்ஸ்.எம்.பி.' என்ற ஏற்பாட்டை முடுக்கி விட்டால்தான் 3200 வரும். டி.டி.ஆர்.5 காலத்தில் ஏ.எம்.டி. கம்பெனி இதே ஏற்பாட்டுக்கு 'எக்ஸ்போ' என்று பெயர் வைத்தது. வேகத்தோடு மின் அழுத்தமும் ஏறும், டி.டி.ஆர்.4 ரகத்துக்கு வழக்கமான 1.2 வோல்ட், இதில் பெரும்பாலும் 1.35 வோல்ட் ஆகும். வீட்டில் பூட்டுகிற பிள்ளைகள் முதல் காரியமாக இதை முடுக்காமல் விடமாட்டார்கள். சும்மா கிடைக்கிற வேகத்தை யார் விடுவார்கள்?

"பெட்டியில் அச்சிட்ட வேகம்தானே, ஓடாவிட்டால் யார் குற்றம்?" என்றால், ஸ்டிக் ஓடும், அதோடு மதர்போர்டும் பிராசஸரும் ஓட வேண்டுமே! தையல் யந்திரத்தை நினைத்துப் பாருங்கள். நிதானமாக மிதித்தால் தையல் ஒரு சீராக விழுகிறது. தடதடவென்று மிதித்தால் நடுநடுவே தையல் விட்டுப் போகிறது. ஊசியும் குற்றமில்லை, நூலும் குற்றமில்லை. அந்த மூன்றும் சேர்ந்து அந்த வேகத்துக்கு ஒத்துப்போகவில்லை.

யந்திரத்தை மூட்டும்போது டிலீட் அல்லது எஃப்2 பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தால் 'பயாஸ்' என்ற பக்கம் வரும். அங்கே எக்ஸ்.எம்.பி. அல்லது எக்ஸ்போ என்று இருப்பதை அணைத்துவிடச் சொல்லுங்கள். பிறகு ஒரு வாரம் பாருங்கள். வியாதி போயிற்றென்றால் செலவு சைபர். அந்த வேகத்திலேயே விட்டுவிடலாம். கணக்கு எழுதுவதற்கும் படம் பார்ப்பதற்கும் வித்தியாசமே தெரியாது. பிள்ளை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால், இரண்டுக்கும் நடுவான ஒரு வேகத்தைப் பிறகு பரீட்சை செய்து பார்க்கட்டும். மதர்போர்டு கம்பெனிகள் ரேமோடு ஒத்துப்போவதற்காக பயாஸைத் திருத்தி அவ்வப்போது வெளியிடுவதும் உண்டு. அதைப் போடும்போது மட்டும் யூ.பி.எஸ். இருக்க வேண்டும், பாதியில் மின்சாரம் போனால் மதர்போர்டே எழுந்திருக்காமல் போகலாம்.

உப்புக்காற்றும் தங்க விளிம்பும்

வேகத்தைக் குறைத்தும் குணமாகவில்லையென்றால் பெட்டியைத் திறக்க வேண்டும். கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரைப் பக்கத்துச் சகோதரிகளுக்கு இதில் விசேஷ அக்கறை வேண்டும். ஜன்னல் கம்பியையும் வாஷிங் மெஷின் காலையும் அரிக்கிற உப்புக்காற்று கம்ப்யூட்டர் பெட்டிக்குள் மட்டும் அனுமதி கேட்டுக்கொண்டா நுழையும்? மின்விசிறிதான் அதை உள்ளே இழுத்து இழுத்துக் கொடுக்கிறதே!

ரேம் ஸ்டிக்கின் அடிவிளிம்பில் வரிசையாகத் தங்க நிறத்தில் பட்டைகள் இருக்கும். தங்க முலாம்தான். தங்கம் துருப்பிடிக்காது, ஆனால் முலாம் மெல்லியது. அடியில் இருக்கும் உலோகத்துக்கு ஈரமும் உப்பும் போய்ச் சேர்ந்தால் மேலே ஒரு மெல்லிய படலம் கட்டும். பூட்டும் குழியில் தூசியும் சேரும். தொட்டும் தொடாமலும் இருக்கிற இணைப்புதான், நாலு நாள் நன்றாக ஓடி ஐந்தாம் நாள் படுத்துகிறது.

யந்திரத்தை அணைத்து, சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்குங்கள். மூட்டும் பொத்தானைச் சில விநாடி அழுத்தினால் உள்ளே மிச்சம் இருக்கிற மின்சாரமும் போய்விடும். வளையலைக் கழற்றி வையுங்கள். நைலான் சேலை வேண்டாம், பருத்தி உத்தமம். உடம்பில் சேருகிற நிலைமின்சாரம் சில்லுக்கு ஆகாது. பெட்டியின் வர்ணம் பூசாத உலோகத்தை ஒரு தடவை தொட்டுவிட்டு ஸ்டிக்கை ஓரங்களில் பிடித்து எடுங்கள். தங்கப் பட்டையில் விரல் படக்கூடாது. மென்மையான வெள்ளை ரப்பரால் லேசாக ஒரே திசையில் துடைத்து, துகளை ஊதாமல் தூரிகையால் தட்டிவிடுங்கள். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் படும். இன்னும் நல்லது, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சிழை உதிராத துணி. வெள்ளிக்குப் போடுகிற விபூதியும் பித்தளைக்குப் போடுகிற புளியும் இங்கே வேண்டவே வேண்டாம்!

திரும்பப் பூட்டும்போது இரண்டு ஓரமும் 'டக்'கென்று சத்தம் கேட்கும் வரையில் அழுத்த வேண்டும். நாலு குழி உள்ள மதர்போர்டில் இரண்டே ஸ்டிக் என்றால், பெரும்பாலும் பிராசஸர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நாலாவதிலும் பூட்ட வேண்டும். கூட வந்த சின்னப் புத்தகத்தில் படம் போட்டிருக்கும். அந்தப் புத்தகத்தை யாரும் படிப்பதில்லை; நீங்கள் படியுங்கள்.

ராத்திரிப் பரீட்சை

துடைத்துப் பூட்டியதும் யந்திரம் ஓடுகிறதென்று உடனே பாயசம் வைத்துவிடாதீர்கள். பரீட்சை வைக்க வேண்டும். ரேமைச் சோதிப்பதற்கென்றே 'மெம்டெஸ்ட்86' என்ற புரோகிராம் இருக்கிறது. 1994-ல் கிறிஸ் பிராடி என்பவர் எழுதியது. இலவசமாகவே கிடைக்கிறது, 'மெம்டெஸ்ட்86+' என்று அதன் ஒன்றுவிட்ட சகோதரனும் இலவசம்தான். வேறொரு நல்ல கம்ப்யூட்டரில் அதை ஒரு பென் டிரைவில் இறக்கி, அந்தப் பென் டிரைவிலிருந்து நம் யந்திரத்தை மூட்ட வேண்டும். எல்லாக் குடங்களிலும் நிரப்பிப் பார்க்கும், கவிழ்த்துப் பார்க்கும், ஒன்றுவிட்டு ஒன்று நிரப்பிப் பக்கத்துக் குடத்தில் சிந்துகிறதா என்று பார்க்கும். ஒரு சுற்று போதாது. நாலு சுற்றாவது ஓடட்டும். மணிக்கணக்காகும். ராத்திரி படுக்கப் போகும்போது மூட்டிவிட்டால், காலையில் காப்பி டிகாக்ஷன் இறங்கும் நேரத்தில் முடிவு பார்க்கலாம். விண்டோஸிலேயே ஒரு சோதனை உண்டு. அதை வகுப்புப் பரீட்சை என்றால் இது பப்ளிக் பரீட்சை.

பிழை என்ற இடத்தில் சைபர் இருக்க வேண்டும். "ஒன்றே ஒன்றுதானே, போகட்டும்" என்பது இங்கே கிடையாது. ஒரு பிழை என்றாலும் தோல்விதான். சைபர் வந்தாலும் முழு விடுதலை இல்லை. யந்திரம் வழக்கமாகப் படுத்துகிற மத்தியான வேளையில் இன்னொரு தடவை ஓட்டிப் பாருங்கள்.

இந்தப் பரீட்சையில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. இது ஓடுவதற்கு விண்டோஸும் வேண்டாம், டிஸ்கும் வேண்டாம். ஆகவே இதில் பிழை வந்தால், எதிர்வீட்டுக்காரர் சொன்ன வைரஸும் மாமா பிள்ளை சொன்ன டிஸ்கும் நிரபராதிகள். பாக்கி இருப்பது ரேம், மதர்போர்டு, பிராசஸர், மின்சாரம் இவைதான்.

பாத்திரமா, அடுப்பா?

இனிமேல்தான் உங்கள் சாமர்த்தியம். பாத்திரத்தில் பால் அடிப்பிடிக்கிறது. பாத்திரம் கோளாறா, அடுப்பு கோளாறா? எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? அதே பாத்திரத்தை வேறு அடுப்பில் வைப்பீர்கள். அதே அடுப்பில் வேறு பாத்திரத்தை வைப்பீர்கள். அவ்வளவுதான்! ஸ்டிக் பாத்திரம், குழி அடுப்பு.

ஸ்டிக்குகளின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைக் கிழிக்காமல், ஓரத்தில் ஒன்று, இரண்டு என்று அடையாளம் வையுங்கள். முதல் ஸ்டிக்கை மட்டும் ஒரு குழியில் பூட்டிப் பரீட்சை. மறுநாள் இரண்டாவது ஸ்டிக்கை அதே குழியில் பூட்டிப் பரீட்சை. எந்தக் குழிக்குப் போனாலும் ஒரே ஸ்டிக் பிழை காட்டினால் குற்றவாளி ஸ்டிக். எந்த ஸ்டிக்கைப் போட்டாலும் ஒரே குழியில் பிழை வந்தால் கோளாறு குழியிலோ, பிராசஸர் உட்காரும் இடத்தின் ஊசிகளிலோ இருக்கலாம். தனித்தனியாகத் தேறிவிட்டு, இரண்டும் சேர்ந்தால் தவறுகிறதா? வெவ்வேறு ஜாதகத்தில் வாங்கிய ஜோடியாக இருக்கும். ஒரே டப்பாவில் ஜோடியாக வருவதை வாங்குவதுதான் விவேகம். நாலு ஸ்டிக்கை விட இரண்டு ஸ்டிக் எப்போதும் யந்திரத்துக்குச் சுலபம்.

எல்லா ஸ்டிக்கும் எல்லாக் குழியிலும் பிழை காட்டினால் ரேமை விட்டுவிட்டு மின்சாரம் கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைப் பாருங்கள். அதில் சிக்கனம் பிடித்துவிட்டு, பழியை ரேமின் மேல் போடுவது சகஜம். உள்ளே சூடு தேங்குகிறதா, விசிறியில் ஒட்டடை கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

பெரியவர்களுக்கும் வரும்

இவ்வளவு படித்தும், "நம் பிள்ளைக்குத்தான் பூட்டத் தெரியவில்லையோ?" என்ற சந்தேகம் இருந்தால் இதைக் கேளுங்கள். லினக்ஸ் என்ற பெயர் உங்கள் வீட்டுப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கும். ஆண்டிராய்டு டெலிபோனுக்குள்ளும் உலகத்தின் பெரிய பெரிய கம்ப்யூட்டர்களுக்குள்ளும் இருப்பது அதுதான். அதைப் படைத்த லினஸ் டோர்வால்ட்ஸும் வீட்டில் தாமே கூட்டிய யந்திரத்தில்தான் வேலை செய்கிறவர். 2022 அக்டோபரில் அந்த யந்திரம் காரணமில்லாமல் தவறத் தொடங்கியது. புதிதாக வந்த புரோகிராமில்தான் ஏதோ பிழை என்று முதலில் அவர் நினைத்தார். கடைசியில் பார்த்தால், இரண்டரை வருஷம் ஒரு குறையும் இல்லாமல் ஓடிய ரேம் ஸ்டிக் ஒன்று கெட்டுப் போயிருந்தது! புதிய ஸ்டிக் வரும் வரையில் லாப்டாப்பில் வேலையை ஓட்டினார்.

அவர் வரவழைத்தது, பிழையைத் தானே திருத்துகிற 'ஈ.சி.சி.' என்ற ரகம். அதற்குப் பின்னால் ஒரு கோபக்காரர் இருக்கிறார். அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் ரிச்சர்டு ஹாமிங் என்ற கணித நிபுணர், 1947-ல் சனி ஞாயிறுகளில் தம் கணக்கை யந்திரத்தில் போட்டுவிட்டுப் போவார். திங்கட்கிழமை வந்து பார்த்தால், யந்திரம் பிழை கண்டுபிடித்துக் கணக்கைப் பாதியில் போட்டுவிட்டு நின்றிருக்கும். பிழை இருப்பதைக் கண்டுபிடிக்கத் தெரிந்த யந்திரத்துக்கு, அது எங்கே என்று கண்டுபிடித்துத் திருத்தத் தெரியாதா என்று எரிச்சலோடு யோசித்தார். அந்த எரிச்சலில் பிறந்த முறையை 1950-ல் வெளியிட்டார். பெரிய சர்வர் கம்ப்யூட்டர்களில் அந்த வம்சத்து முறைதான் காவல் காக்கிறது. வீட்டுக் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் அது இல்லை. டி.டி.ஆர்.5 சில்லுக்குள் ஒரு திருத்தல் உண்டு; ஆனால் அது சில்லுக்குள் நடப்பதற்கு மட்டும்தான். சில்லிலிருந்து பிராசஸருக்குப் போகிற வழியில் நடப்பதற்கு அது பொறுப்பில்லை.

கடைக்குப் போகும்போது

ஸ்டிக்தான் குற்றவாளி என்று தீர்ந்தால், உடனே புதிது வாங்காதீர்கள். முதலில் பில்லைத் தேடுங்கள். ரேமுக்குப் பல கம்பெனிகள் நீண்ட கால உத்தரவாதம் தருகின்றன. ஜோடியாக வாங்கியிருந்தால் பெரும்பாலும் இரண்டையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்வார்கள். பரீட்சையில் பிழை காட்டிய திரையைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு போனால் கடைக்காரரிடம் வாதம் பாதி குறையும்.

திருவான்மியூரில் பறக்கும் ரயில் ஏறினால் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி நடந்தே ரிச்சி தெருவுக்குப் போகலாம். சந்து சந்தாகக் கடைகள். வாசலில் நிற்கும்போதே நாலு பேர் கூப்பிடுவார்கள். திகைக்க வேண்டாம். கையில் சீட்டு எழுதிக்கொண்டு போங்கள்: மதர்போர்டின் பெயர், பிராசஸரின் பெயர், ரேம் டி.டி.ஆர்.4-ஆ டி.டி.ஆர்.5-ஆ என்பது. ஒன்றின் குழியில் மற்றொன்று நுழையாது. வெட்டு வேறு இடத்தில் இருக்கும். மதர்போர்டு கம்பெனிகள் தாங்கள் சோதித்துப் பார்த்த ரேம்களின் ஜாபிதாவை வெளியிடுகின்றன. அதில் உள்ளதாகக் கேளுங்கள். பில்லில் ஸ்டிக்கின் நம்பரையும் எழுதித் தரச் சொல்லுங்கள். புடைவைக் கடையில் சாயம் போகுமா என்று எத்தனை தடவை கேட்பீர்கள்! இங்கேயும் கேளுங்கள், தப்பில்லை.

புது ஸ்டிக்கைப் பூட்டியதும் அன்றைக்கு ராத்திரியே மறுபடியும் பரீட்சை. தேறிய பிறகுதான் கல்யாணப் படங்களும் கணக்கும். வியாதி இருந்த நாட்களில் சேமித்த படங்களையும் கணக்குகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பழைய காப்பியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கெட்டதை ஒதுக்கி நல்லதை மீட்டுக்கொள்ள அதுதான் சமயம்.

நோட்டுப் புத்தகத்தை எறிந்துவிடாதீர்கள். வாங்கிய தேதி, பூட்டிய குழி, வைத்த வேகம், பரீட்சை செய்த நாள் இத்தனையும் ஒரு பக்கத்தில் எழுதி, பில்லோடு சேர்த்து ஓர் உறையில் போட்டு, கம்ப்யூட்டர் இருக்கும் மேஜை இழுப்பறையிலேயே வையுங்கள். யந்திரத்தின் ஞாபகம் மின்சாரம் இருக்கும் வரையில்தான். வீட்டின் ஞாபகம் அந்தக் காகிதத்தில் இருக்கட்டும்.